அக்காவின் கேள்விகளுக்கு ஸ்கார்பரோவிலிருந்து

ஸ்கார்பரோ, ஒன்டாரியோ
பிப்ரவரி, ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மாமா, அம்மா எல்லோரும் நலம்தானே? நானும் ரேவதியும் நலம். எங்கள் பிள்ளை நிலவனுக்கு மட்டும் சளி. பனிக்காலம் முடியும்வரை அவன் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். அது சுற்றிச் சுற்றி எல்லா வீட்டுக்கும் வரும்.

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "யாரோ ஒரு அம்மாகிட்ட வாரா வாரம் வீடியோல பேசுறியாமே, ரேவதி சொன்னா" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் கேள்வியாக அடுக்கியிருக்கிறாய். போனில் பதில் சொல்லலாம்தான். ஆனால் நம் வீட்டுப் போன் ஹாலில் ஸ்பீக்கரில்தானே பேசும். அம்மா பாதியைக் கேட்டுவிட்டு, எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மீதியைத் தானே கற்பனை செய்துகொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதை நீயே முடிவு செய்துகொள்.

பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. டிசம்பரில் 401-இல் கார் வழுக்கியதைச் சொன்னேன் அல்லவா? டொரண்டோவின் குறுக்கே ஓடும் பெரிய ஹைவே அது, சில இடங்களில் 18 லேன் வரை போகும். பனியில் வண்டி தானாகத் திரும்பி ஓரத்தில் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை, வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஹைவேயில் ஏறும் வளைவுக்கு வந்தாலே நெஞ்சு திக் திக் என்று அடிக்கும், உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் நழுவும். மிசிசாகாவில் இருக்கும் ஆபீசுக்கு உள்ரோடுகளிலேயே சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். குடும்ப டாக்டர் இசிஜி எடுத்தார், ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார். உடம்பில் ஒன்றும் இல்லை, ஒரு தெரபிஸ்ட்டிடம் பேசுங்கள் என்றார். சைக்கோதெரபிஸ்ட், அதாவது மருந்து இல்லாமல் பேச்சின் வழியாகவே மனதுக்குச் சிகிச்சை கொடுப்பவர். நான் வாரா வாரம் வீடியோவில் பேசுவது அப்படி ஒருவரிடம்தான். கதை அவ்வளவுதான்.

நீ திரும்பத் திரும்பக் கேட்டது காசு விஷயம். அப்பாவின் மகள் வேறு எதைக் கேட்பாள்! இங்கே ஓஹிப் என்று மாகாண அரசின் காப்பீடு இருக்கிறது. டாக்டரைப் பார்க்கக் கைக்காசு வேண்டாம். மனநல டாக்டரும் அதற்குள் வந்துவிடுவார். ஆனால் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்து, அப்புறம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தனியாகத் தொழில் நடத்தும் தெரபிஸ்ட்டுக்கு ஓஹிப் காசு கொடுக்காது. நான் விசாரித்த இடங்களில் 50 நிமிடத்துக்கு 140 முதல் 180 டாலர் வரை சொன்னார்கள். சைக்காலஜிஸ்ட், அதாவது உளவியல் நிபுணர் என்றால் 200-ஐத் தாண்டும். தயவுசெய்து ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே. முன்பு சைக்கோதெரபிஸ்ட்டின் கட்டணத்துக்கு மேல் 13 சதவீதம் வரி வேறு இருந்தது, 2024 ஜூன் 20 முதல் அதை எடுத்துவிட்டார்கள்.

ஆபீஸ் இன்சூரன்ஸ் கொஞ்சம் தாங்குகிறது. அதிலும் ஒரு சூட்சுமம். சில திட்டங்களில் சைக்காலஜிஸ்ட்டுக்கும் சோஷியல் வொர்க்கருக்கும் மட்டும்தான் பணம், சைக்கோதெரபிஸ்ட்டின் ரசீதை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஆள் தேடுவதற்கு முன்பே கையேட்டைப் படித்துவிட வேண்டும். என் திட்டத்தில் சைக்கோதெரபிஸ்ட்டும் உண்டு, வருடத்துக்கு 1,000 டாலர் வரை. ஆறேழு தடவை பேசினால் தீர்ந்துவிடும். அதனால் முதல் அறிமுகப் பேச்சிலேயே, "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டுவிட்டேன். அந்த அறிமுகப் பேச்சு 15 நிமிடம், பெரும்பாலானவர்கள் அதற்குக் காசு வாங்குவதில்லை. அவர் தயங்காமல் பதில் சொன்னார். முதலில் வாரம் ஒன்று, கொஞ்சம் பிடிபட்டதும் இரண்டு வாரத்துக்கு ஒன்று, இடையில் வீட்டுப்பாடம் என்றார். இந்தக் கேள்விக்கு எரிச்சல்படுகிறவராக இருந்திருந்தால் அவரிடம் போயிருக்க மாட்டேன்.

கையில் வசதி இல்லாதவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்து வாங்குகிறவர்களும் உண்டு. படிப்பை முடித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யும் புதியவர்களிடம் கட்டணம் பொதுவாகக் குறைவு. பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு மாகாண அரசு இலவசமாகவே ஒரு சைக்கோதெரபித் திட்டம் நடத்துகிறது. அதற்கும் வரிசை உண்டு. எனக்கோ தினமும் ஆபீஸ் போயாக வேண்டும்.

"யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கலாமா?" என்று மாமா கேட்டாராம். உன் கேள்விகள் எல்லாவற்றையும்விட இதுதான் எனக்குப் பிடித்தது. ஒன்டாரியோவில் சைக்கோதெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்ளச் சட்டப்படி பதிவு வேண்டும். 2007-இல் சட்டம் வந்தது, 2015-இல் பதிவு செய்யும் அமைப்பு நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பெயரைத் தட்டினால் பதிவு எண், பதிவு நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா எல்லாம் வந்துவிடும். ஆனால் கோச், ஹீலர், வாழ்வியல் ஆலோசகர் என்று போட்டுக்கொள்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. எனக்கே தமிழில் அப்படி ஒரு விளம்பரம் வந்தது. மொத்தப் பேக்கேஜாக முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம்! பதிவேட்டில் தேடினேன், ஆளைக் காணோம். மாமாவின் சந்தேக புத்தி எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது போல.

மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தை விட்டுவிடு. சைக்கோதெரபிஸ்ட்டுக்கு மருந்து எழுதும் அதிகாரம் இல்லை. உனக்கு இன்ன நோய் என்று பெயர் வைக்கவும் முடியாது, அது டாக்டர், சைக்காலஜிஸ்ட் போன்றவர்களின் வேலை.

அடுத்து, ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற கவலை. என் தெரபிஸ்ட் தமிழ்தான். பெற்றோர் யாழ்ப்பாணம், இவர் இங்கே வளர்ந்தவர். ஸ்கார்பரோவில் தமிழ்க் கடை, கோயில், கல்யாண மண்டபம் எங்கே போனாலும் தெரிந்த முகம் இருக்கும் என்பதால் எனக்கும் முதலில் தயக்கம்தான். நேராகவே கேட்டேன். "வெளியில் எங்கேயாவது பார்த்தால் நான் முதலில் பேச மாட்டன். நீங்கள் சிரிச்சால் சிரிப்பன், அவ்வளவுதான்" என்றார். போன மாதம் இடியாப்பம் வாங்கப் போன கடையில் உண்மையிலேயே எதிரே வந்தார். ரேவதி பக்கத்தில் நிற்கிறாள். அவர் பாட்டுக்குக் கறிவேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகு அடுத்த வாரம் பேசியதில் பாதி விஷயம் அதுவரை நான் வாய் திறக்காதது.

ரகசியத்துக்கு எல்லை உண்டு. ஆரம்பிக்கும் முன் கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவத்திலேயே எழுதியிருந்தார்கள். என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ பெரிய ஆபத்து என்று தோன்றினால், 16 வயதுக்கு உட்பட்ட குழந்தை வதைபடுகிறது என்று சந்தேகம் வந்தால், நீதிமன்றம் உத்தரவிட்டால், அவர் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பத்தியைப் பலரும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, புரியாததை எல்லாம் கேட்டேன். குறிப்புகளைப் பத்து வருடம் வைத்திருப்பார்கள், நான் கேட்டால் எனக்குக் காட்டுவார்கள். ஆபீசுக்கு ஒன்றும் போகாது. இன்சூரன்ஸ்காரருக்குப் போவது ரசீது மட்டும்: தேதி, தொகை, தெரபிஸ்ட்டின் பெயர், பதிவு எண்.

அதே படிவத்தில் இன்னொன்று. வர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், இல்லையென்றால் முழுக்கட்டணம். சிலர் 48 மணி நேரம் கேட்கிறார்கள். அந்தக் காசை இன்சூரன்ஸும் தராது. நிலவனின் சளிக்கு இதெல்லாம் தெரியுமா?

எங்கே உட்கார்ந்து பேசுகிறாய் என்று கேட்டாயே, அதைக் கேட்டால் சிரிப்பாய். நாங்கள் இருப்பது பேஸ்மென்ட், ஒரு வீட்டின் தரைக்குக் கீழே உள்ள தளம். சூடு வரும் குழாய் வழியாக மேல்வீட்டுக்காரர் தும்முவதே கேட்கும், அப்படியென்றால் நான் பேசுவது அவருக்குக் கேட்காதா? ஆகவே என் கன்சல்டிங் ரூம் நம் கார்தான். பக்கத்து பிளாசாவின் பார்க்கிங்கில் ஒரு மூலையில் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, போனை ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடுவேன். ஈமெயிலில் வரும் லிங்கைத் தட்டினால் போதும், வீடியோ திறந்துவிடும். வண்டி ஓட்டிக்கொண்டே பேசக்கூடாது என்பது அவர் கண்டிப்பு. ஒரு நாள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்த நேரம், நான் கிளம்பப் போகிறேன் என்று நினைத்து ஒருவர் இண்டிகேட்டரைப் போட்டபடி பின்னால் காத்துக்கொண்டே இருந்தார். கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், நகரவில்லை. கடைசியில் தெரபிஸ்ட்டும் சிரித்துவிட்டார். ஹெட்போன் மட்டும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கார் ஸ்பீக்கர் வெளியே போகிறவனுக்கும் சேர்த்து ஆலோசனை சொல்லும்.

ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி, "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான். ஏதாவது ஆகிவிட்டால் 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு எந்த விலாசத்தைச் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். அவசரத்துக்குக் கூப்பிட ரேவதியின் நம்பரும் கொடுத்திருக்கிறேன். தெரபிஸ்ட் நடுராத்திரியில் போன் எடுக்கிறவர் இல்லை, அதையும் முதல் நாளே சொல்லிவிட்டார். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் நாடு முழுக்க 988 என்ற உதவி எண் இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம். பொங்கலுக்கு நான் திண்டுக்கல் வந்தால் அங்கிருந்து பேச முடியுமா என்றும் கேட்டு வைத்தேன். அவர் பதிவு ஒன்டாரியோவுக்குத்தான், வேறு நாட்டிலிருந்து என்றால் அங்குள்ள விதியையும் தன் காப்பீட்டையும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். பத்தரை மணி நேர வித்தியாசம் வேறு. ஊரில் இருக்கும்போது எனக்கு ஹைவே பயம் எதற்கு, பைபாஸில் மாமாவே ஓட்டட்டும்.

சரி, பேசி என்ன ஆகிறது என்பாய். அவர் செய்வது சிபிடி என்ற முறை, நினைப்பையும் நடந்துகொள்வதையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப் பழக்குவது. பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து எழுதச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பயம் எவ்வளவு என்று 0 முதல் 100 வரை மார்க் போட வேண்டும். ஹைவேக்கு மேலே உள்ள பாலத்தில் போவது 30. மார்க்கம் ரோட்டில் 401-இல் ஏறி மார்னிங்சைடில் இறங்கிவிடுவது 65. நடுவில், தூரம் போகிற வண்டிகளுக்கான எக்ஸ்பிரஸ் லேனுக்குள் போவது 95. ஞாயிறு காலை, ரோடு காய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரே படியைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், மார்க் இறங்கும்வரை. ஏறும்போது நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும், நிறுத்தப் போராடாதீர்கள் என்றார். அது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஆனால் மார்னிங்சைடு இப்போது 25-இல் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் லேன் இன்னும் 80. ஆபீசுக்குப் பாதி தூரம் ஹைவேயில், மீதி உள்ரோட்டில் போகிறேன்.

கடைசியாகக் கேட்டாயே, "கூட வேலை பாக்குற டீச்சரோட பொண்ணு, சென்னைல ஐடில இருக்கா, ராத்திரி தூக்கமே இல்ல" என்று. அந்த டீச்சர் யார் என்று நான் கேட்கவில்லை. என் தெரபிஸ்ட் அவளைப் பார்க்க முடியாது, மேலே சொன்ன அதே காரணம்தான். ஆனால் அங்கேயே வழி இருக்கிறது. 14416 என்று டெலி மானஸ், போனிலேயே மனநல உதவி தரும் சேவை, மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். முதல் படியாக அதில் பேசிப் பார்க்கட்டும். தனியாரிடம் ஆன்லைனில் போவதென்றால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு டெல்லியில் உள்ள மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கூச்சப்படாமல் கேட்கச் சொல், சரியான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று நம் நாட்டிலும் 2017-இல் வந்த மனநலச் சட்டம் சொல்கிறது. ஹாஸ்டல் ரூமில் கூட ஆள் இருந்தால் எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதை முன்பே யோசித்துக்கொள்ளட்டும். தூக்கம் போனதோடு சாப்பாடும் போய்விட்டது, இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சும் வருகிறது என்றால், ஆன்லைனுக்குக் காத்திருக்காமல் கூட ஒருவர் போய் நேரில் மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அதற்கு ஓபி இருக்கும். அவள் என்னோடு பேச விரும்பினால் நம்பரைக் கொடு, இந்திய நேரம் காலை எட்டு மணிக்கு மேல் என்றால் எனக்கு வசதி. அவள் அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன் என்று இப்போதே எழுதிவிடுகிறேன்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அப்புறம் மறு செக்கப் எப்போது என்று எழுது. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறாளா? ரேவதியின் சித்தப்பா மகன் மார்ச்சில் வருகிறான், அவனிடம் பருப்புப் பொடி கொடுத்துவிடு, போன தடவை மாதிரி நான்கு கிலோ கட்டாதே.

உன் தம்பி
செந்தில்