தைலக் குப்பியும் தொண்ணூற்றைந்தாவது உடலும்

தோ பாயோ, சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. முட்டியில் ஊசி போட்டுக்கொண்டாயே, இப்போது படியேற முடிகிறதா? இங்கே எல்லாரும் சுகம். எங்கள் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி கொடுத்திருக்கிறார்கள். கற்பூரவல்லியும் துளசியும் பிடித்துக்கொண்டன. நொச்சி இப்போதுதான் துளிர்க்கிறது.

செம்பவாங் கடற்படைத் தளத்தை வைத்து ஒரு துப்பறியும் கதை எழுத ஆசை, ஆனால் அறுபத்து மூன்று வயதில், சரித்திரம் படிக்காத நான் அதில் கை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எல்லிஸ் பீட்டர்ஸ் என்று ஒரு எழுத்தாளரைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இயற்பெயர் எடித் பார்ஜெட்டர். 1913இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். பல்கலைக்கழகத்துக்குப் போனதில்லை. டாலி என்ற சின்ன ஊரில் மருந்துக் கடை உதவியாளராக ஏழு வருடம் போல வேலை பார்த்தார். அந்த வேலையில் இருக்கும்போதே, 1936இல் முதல் நாவல் வந்துவிட்டது. போர் வந்ததும் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். உன் அப்பா வேலை பார்த்த அதே பிரிட்டிஷ் கடற்படைதான். இவர் இருந்தது லிவர்பூலில். 1944இல் பதக்கம் கொடுத்தார்கள். பிறகு செக் மொழியைத் தானாகவே கற்று அதிலிருந்து நிறைய மொழிபெயர்த்தார். புனைபெயரில் வரும் எல்லிஸ், அவருடைய அண்ணன் பெயர்.

இனி நீ கவனிக்க வேண்டியது. இன்று உலகம் அவரை நினைத்திருப்பது காட்ஃபயல் என்ற துறவி துப்பறியும் கதைகளுக்காக. அதில் முதல் நாவல் வந்தது 1977இல். அப்போது அவருக்கு உன் வயது! அதன்பின் 1994 வரை மொத்தம் இருபது நாவல்கள். 1995இல் 82 வயதில் காலமானார்.

காட்ஃபயல் வேல்ஸ்காரர். சிலுவைப் போரில் சண்டை போட்டு, கடலில் அலைந்து, நாற்பதைத் தாண்டிய பிறகு ஷ்ரூஸ்பரி மடத்தில் சேர்ந்து மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர். இரண்டாவது நாவலை நேற்றுதான் மறுபடி படித்தேன். 1138இல் ஸ்டீபன் மன்னர் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்து, உள்ளே இருந்தவர்களைத் தூக்கில் போட்டது சரித்திரம். நாவலில் அவர்கள் 94 பேர். உடல்களை அடக்கத்துக்குத் தயார் செய்யப் போகிற காட்ஃபயல் எண்ணிப் பார்க்கிறார், 95 இருக்கிறது. ஒருவன் கழுத்தில் இருப்பது தூக்குக் கயிற்றின் தடமே இல்லை. அத்தனை பேரைக் கொன்ற இடத்தில் ஒரு கொலையை யார் தேடப்போகிறார்கள் என்று எவனோ கொண்டுவந்து போட்டிருக்கிறான். அந்த ஒருவனுக்காக இந்த மனிதர் அலைகிறார், பார், அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

அநேகமாக எல்லாக் கதையிலும் ஒரு இளஞ்சோடி வந்து கடைசியில் சேர்ந்துவிடும். அது எனக்குக் கொஞ்சம் சலிப்புதான். சரி, அதை விடு.

மூன்றாவது நாவலில், மூட்டுவலிக்கு அவர் காய்ச்சி வைத்த தைலத்தை யாரோ சாப்பாட்டில் கலந்துவிடுகிறார்கள். தைலத்தில் இருப்பது நம் சித்த வைத்தியத்தில் நாபி என்போமே, அந்த இனத்துச் செடி. தேய்த்தால் வலி போகும், உள்ளே போனால் உயிர் போகும். பலதுறை மருந்தகத்தில் முப்பது வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற சிவப்புச் சீட்டை எத்தனை குப்பியில் ஒட்டியிருப்பேன்! ஒரு தாத்தா வாங்கிய தைலத்தை என் கண்முன்னே மூடி திறந்து வாயருகே கொண்டுபோனார். கௌண்டரைத் தாண்டிக் கையை நீட்டிப் பிடுங்கினேன். அன்று முழுக்க என் விரல்களில் அந்த வாசனை போகவில்லை. அந்த நாவலை எழுதியவருக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மருந்துக் கடை அலமாரி முன்னால் நிற்காதவருக்கு அந்தக் கதை வந்திருக்காது, மல்லி.

நீ அந்தத் தளத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது உனக்கு ஒன்பது வயது. வேலை முடிந்து அப்பா வரும் சைக்கிள் சத்தத்தை மற்ற சைக்கிள்களிலிருந்து பிரித்துச் சொல்வேன் என்றாயே, அது எந்த ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்? ஆண்டும் தேதியும் நான் தேசிய நூலகத்தில் தேடித் தருகிறேன். சனிக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை.

முதலில் இதைச் சொல்லு. அப்பாவின் கேட் பாஸ் உன்னிடம்தான் இருக்கிறதா, இல்லை தம்பி வீட்டிலா? வேலையிலிருந்து நின்றபோது அதைத் திருப்பிக் கேட்கவில்லையா? ஜொகூரிலிருந்து அடுத்த மாதம் வரும்போது மறக்காமல் எடுத்து வா. இரண்டாவது நாவலை உனக்காகத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பாப்பா