ஆழ்கடல் நண்டு ஜார்கள்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கல்லூரி விலங்கியல் துறைப் பேராசிரியர்களுக்கும், லேப் அசிஸ்டென்ட் அண்ணாச்சிமார்களுக்கும், மியூசியம் பொறுப்பாளர்களுக்கும் தூத்துக்குடியிலிருந்து வணக்கம்.

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரிகளுக்குப் பாடம் செய்த கடல் உயிரிகளை ஜாரில் போட்டு விற்கும் எங்கள் கடையின் ஜார்கள் இரண்டு அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் ‘கரிப்டிஸ் எட்வர்ட்சி’, மற்றதில் ‘கரிப்டிஸ் ஸ்மித்தி’ என்று லேபிள். கீழே, ‘ஒரே நண்டுக்கு இரண்டு பெயர், இரண்டு விலை, நல்ல வியாபாரம்’ என்று ஒரு வரி. வேறு எந்தக் குறை சொல்லியிருந்தாலும் போனிலேயே பேசி முடித்திருப்போம். இது நாணயத்தைத் தொட்ட பேச்சு என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

இரண்டு ஜாரிலும் இருப்பது ஒரே இனம்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இந்த நண்டை தென்னாப்பிரிக்கப் பொருள்களிலிருந்து 1838-ல் விவரித்தவர் மக்லே. ஸ்மித்தி என்ற பெயர் அவர் வைத்தது. நூறாண்டுக்கு மேல் கழித்து, 1949-ல், லீன், புய்டெண்டைக் இருவரும் எட்வர்ட்சி என்ற பெயரை வெளியிட்டார்கள். இந்தியப் பெருங்கடலில் இந்த நண்டு கூட்டம் கூட்டமாக மேலே வந்து நீந்துவதைப் பற்றி 1960-களில் வந்த முக்கியக் கட்டுரைகளெல்லாம் எட்வர்ட்சி என்றுதான் பேசின. அந்தக் கட்டுரைகளைப் பார்த்து எழுதிய நோட்ஸ்கள் இன்னும் நம் கல்லூரிகளில் புழங்குகின்றன. பிறகு இரண்டும் ஒன்றே என்று ஒப்புக்கொள்ளப்பட்டபோது, முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி ஸ்மித்தி நின்றது. பழைய ஜார் ஒட்டப்பட்ட நாளில், வாங்கிய துறை கேட்ட பெயர் எட்வர்ட்சி. கேட்ட பெயரை ஒட்டிக் கொடுத்தோம்.

விலை விஷயம். எட்வர்ட்சி ஜார் பெட் பாட்டிலில் ஃபார்மலினோடு போனது. ஸ்மித்தி ஜார் தேய்த்த மூடியுள்ள கண்ணாடியில் எத்தனாலோடு போனது. விலை வித்தியாசம் கண்ணாடிக்கும் ஸ்பிரிட்டுக்கும்தான், பெயருக்கு அல்ல. இரண்டு பில்லிலும் பாட்டில் வகை தனி வரியாகவே இருக்கிறது. படம் எடுத்தவர் பில்லையும் சேர்த்துப் போட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

‘ஒன்று சிவப்பு, ஒன்று வெளுப்பு, எப்படி ஒரே இனம்?’ என்று கேட்பவர்களுக்கு: நண்டின் சிவப்பு கரோட்டினாய்டு நிறமி. எத்தனால் அதைக் கரைத்து உறிஞ்சிவிடும். முதல் சில வாரங்களில் திரவம் மஞ்சளாகும், நண்டு வெளுக்கும். ஃபார்மலினில் நிறம் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும், வெளிச்சம் பட்டால் அதுவும் போகும். ஆகவே ஜாரில் நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது.

லென்ஸ் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். கடைசி ஜோடிக் கால் துடுப்பாக இருந்தால் நீந்தும் நண்டு. முன்நெற்றியில், கண்குழியின் உள்முனையை விட்டுவிட்டு எண்ணினால் ஆறு பற்கள். கண்ணுக்குப் பின்னால் ஓட்டின் பக்கவிளிம்பில் ஒவ்வொரு புறமும் ஆறு பற்கள். இதுவரை கரிப்டிஸ். இப்போது நண்டைத் திருப்பி, ஓட்டின் பின்விளிம்பைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சிலுவை நண்டில் அது வளைந்து பக்கத்தோடு உருண்டு சேரும். நம் ஆழ்கடல் நண்டில் பின்விளிம்பு நேர்கோடு, பக்கத்தைச் சந்திக்கும் இடத்தில் மூலை தெரியும். விரல் நகத்தால் தடவினாலே தட்டும். இந்த மூலையுள்ள கூட்டத்தில் ஹோப்லைட்ஸ், டிரங்கேட்டா, ஓமனென்சிஸ் என்று உறவுகள் உண்டு. ஹோப்லைட்ஸில் பக்கவிளிம்பின் கடைசிப் பல் ஈட்டியாக நீண்டிருக்கும், அதைப் பிரிப்பது சுலபம். மற்றவற்றில் கடைசித் தீர்ப்பு ஆண் நண்டின் முதல் இனக்காலில் (இனச்சேர்க்கைக்கு உதவும் கால்) தான். வயிற்று மடிப்பு குறுகிய முக்கோணமாக இருக்கும் ஆணை எடுத்து, மடிப்பைத் தூக்கி, அந்தக் காலின் நுனியையும் முள்வரிசையையும் நுண்நோக்கியில் பார்க்க வேண்டும். பெண் நண்டை மட்டும் அனுப்பி ‘இனம் உறுதி செய்து தாருங்கள்’ என்றால் எங்களால் மட்டுமல்ல, யாராலும் கஷ்டம்.

லேபிள் எழுத்து பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். ஸ்மித்தி என்பதன் ரோமன் எழுத்தில் கடைசியில் இரண்டு ‘ஐ’ வரும். அதுதான் மக்லேயின் மூல எழுத்து. ஒற்றை ‘ஐ’ போட்ட கட்டுரைகள் நிறைய உண்டு, அதைப் பார்த்துத் திருத்த வேண்டாம். மக்லேயின் பெயருக்கு அடைப்புக்குறி கிடையாது, அவர் முதலிலேயே கரிப்டிஸ் பேரினத்தில் வைத்துத்தான் விவரித்தார். சிலுவை நண்டு ஜாரில் (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குறி இருப்பது, அவர் அதை வேறு பேரினத்தில் வைத்திருந்ததால். இரண்டு லேபிளும் சரி.

‘கிடைக்கும் இடம்’ என்ற வரிக்குத்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து அரபிக்கடல் வழியாக வங்கக்கடல் வரை என்று எழுதலாம். நம் பக்கம் கண்டத்திட்டின் விளிம்பிலும் அதற்கடுத்த சரிவிலும், 200 முதல் 300 மீட்டர் ஆழத்தைச் சுற்றி அடர்த்தி அதிகம். சாகர் சம்பதா ஆய்வுக் கப்பல் இழுத்த வலைகளிலிருந்துதான் இந்தியக் கடலுக்கான பரவல் விவரம் பெரும்பாலும் வந்தது. ஆனால் ‘அடிக்கடல் வாழி’ என்று மட்டும் எழுதினால் பாதி மார்க்தான். மேற்கு இந்தியப் பெருங்கடலில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூலை, ஆகஸ்டில், இதே நண்டு இரவில் மேல் 150 மீட்டருக்குள் பெருங்கூட்டமாக நீந்தும். அங்கே விளக்குமீன்களைத் தின்னும், சூரை மீன்களுக்கு இரையாகும். சூரையின் வயிற்றைக் கிழித்தால் இது கிடைப்பது அதனால்தான்.

எங்களுக்கு வருவது ஆழ்கடல் இறால் இழுக்கும் விசைப்படகுகளின் வலைமடியில் சிக்கியது. நாங்கள் கேட்டு வைக்காவிட்டால் சங்காயத்தோடு (விலைபோகாத கழிவு மீன்களோடு) சேர்ந்து கோழித் தீவனத்துக்குப் போய்விடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளில் புது நண்டு கேட்டால் எங்களிடம் இருக்காது. ஜூன் கடைசியில் பிராக்டிகல் வைக்கும் துறைகள் மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

கால் உதிர்ந்த நண்டு பற்றிய குறைகளும் வந்தன. உயிரோடு ஃபார்மலினில் போட்டால் நண்டு தானே காலை உதிர்க்கும். அதனால் படகிலேயே ஐஸில் வைத்து மரத்துப்போன பிறகுதான் போடச் சொல்கிறோம். கடைச் சரக்கான ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. பெரிய நண்டென்றால் ஓட்டின் இடுக்கில் ஊசியால் கொஞ்சம் ஏற்றுவோம், இல்லாவிட்டால் வெளியே கெட்டியாகி உள்ளே ஈரல் அழுகிவிடும். அப்புறம் ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுவோம். 95 சதவீத ஸ்பிரிட் 737 மி.லி. எடுத்து, தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்கினால் அதுதான் கணக்கு. ஃபார்மலினிலேயே வைத்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அது நாளாக நாளாக அமிலமாகி ஓட்டின் சுண்ணாம்பைக் கரைக்கும். அழுத்தினால் ஓடு தோல் மாதிரி அமுங்கினால் அதுதான் நடந்திருக்கிறது. நல்ல தண்ணீரில் கலக்கும்போது லிட்டருக்கு மோனோ சோடியம் பாஸ்பேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் பாஸ்பேட் 6.5 கிராம் சேர்த்தால் தள்ளிப்போடலாம். ஊட்டி, கொடைக்கானல் கல்லூரிகளில் ஃபார்மலின் கேனின் அடியில் வெள்ளையாகப் படிவது குளிரால், கலப்படத்தால் அல்ல. லேபிளை பால்பாயிண்ட் பேனாவில் எழுதி ஜாருக்குள் போடாதீர்கள், ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும். பென்சில் போதும்.

இனக்கால் ஸ்லைடு செய்துகொண்டிருந்த எங்கள் பணியாளர் விலகிவிட்டார். வேறு ஆள் தேறும் வரை ஸ்லைடு ஆர்டர் எடுப்பதில்லை. கண்ணாடியும் ஸ்பிரிட்டும் ஏறியிருப்பதால் ஜார் விலையும் அடுத்த மாதம் முதல் சற்று மாறும், பட்டியல் பில்லோடு வரும்.

பேச்சு கிளம்பிய பிறகும் ஆர்டரை நிறுத்தாமல், ‘என்ன விஷயம்?’ என்று நேரே போன் போட்டுக் கேட்ட துறைகளுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். எங்களிடம் கற்றுக்கொள்ள வந்ததாகச் சொல்லி எங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன பேராசிரியர்கள் பலர். அவர்களால்தான் இந்தக் கடை நடக்கிறது.

எட்வர்ட்சி லேபிள் ஒட்டிய ஜார் வைத்திருப்பவர்கள் ஜாரின் எண்ணை மட்டும் அனுப்புங்கள், புது லேபிள் இலவசமாகத் தபாலில் வரும். பழைய லேபிளைக் கிழிக்க வேண்டாம், அதன் பக்கத்திலேயே புதியதையும் வையுங்கள். பிடித்த இடமும் தேதியும் பழையதில்தான் இருக்கின்றன. நீலக்கால் நண்டு ஜார்களுக்கும் இதையே சொல்கிறோம். பெலாஜிகஸ் என்ற ஒரே பெயரில் இருந்ததை 2010-ல் நான்கு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். வங்கக்கடல் பக்கத்து நண்டு அதில் ரெட்டிகுலேட்டஸ். அந்த லேபிள்களும் அச்சில் இருக்கின்றன. படம் எடுப்பதற்கு முன் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்