ஈப்போவில் பதினாலு இடம் வேண்டாம், பாப்பா

அன்பு மகளுக்கு,

நீ புலனத்தில் அனுப்பிய பட்டியலை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு நாளில் பதினாலு இடம் போட்டிருக்கிறாய், அதில் சாப்பாட்டுக்கடை மட்டும் ஆறு, திங்கட்கிழமைக்கு நேராகக் கடைசி வரியில் "வீடு, ஒரு மணி நேரம்" என்று இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்கு இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிற மூன்று பெண்கள் இப்படி ஓடினால் ஊரைப் பார்த்ததாகவும் இருக்காது, ஓய்வெடுத்ததாகவும் இருக்காது. குரல் செய்தியில் சொன்னால் நீ பாதிதான் கேட்பாய், அதனால் எழுதுகிறேன். பஸ் ஏறியதும் மூவரும் சேர்ந்து படியுங்கள்.

சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் இருபத்திரண்டு வருஷம் டாக்சி ஓட்டியவன் நான். ஈப்போவுக்கு என்று ஒரு நேரக்கணக்கு இருக்கிறதம்மா. விடிந்ததும் பசியாறல், வெயில் ஏறுவதற்குள் மலை, உச்சிப்பொழுதில் நிழல், நாலு மணிக்கு மேல் தெரு. பல நாள் பிற்பகலில் மழை கொட்டும், அது நின்ற பிறகு ஊரே குளித்து எழுந்த மாதிரி இருக்கும். இந்தக் கணக்கை விட்டுவிட்டு, வரைபடத்தில் பக்கத்தில் இருக்கிறதே என்று இடங்களைக் கோர்த்தால், கடைக்காரன் சட்டி கழுவும் நேரத்தில் போய் நிற்பீர்கள், உச்சி வெயிலில் மலையேறுவீர்கள்.

முதலில் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கேமரன் மலையை எடுத்துவிடு. சிம்பாங் பூலாய் வழியாக ஏறி இறங்கவே ஒரு நாள் போய்விடும், அதுவும் நீண்ட விடுமுறையில் மேலே காடி நகராது. தம்புன் தண்ணீர்ப் பூங்கா வேண்டாம், அது குழந்தைகளோடு முழு நாள் இருக்கிற இடம். குவா தெம்புரோங் குகை எனக்கும் பிடித்ததுதான், ஆனால் ஈப்போவிலிருந்து கோப்பேங் பக்கம் போய், உள்ளே நடந்து, நனைந்து, உடை மாற்றித் திரும்ப அரை நாள் கொடுக்க வேண்டும். அடுத்த முறை அதற்கென்றே வாருங்கள்.

பஸ் உங்களை ஊருக்குள் இறக்காது, அதையும் தெரிந்துகொள். தூர ஊர் பஸ்ஸெல்லாம் இப்போது மேரு ராயாவில் இருக்கிற அமான் ஜெயா பஸ் நிலையத்தோடு சரி. அங்கிருந்து நான் கூட்டிப்போகிறேன். நேராகப் பழைய ரயில் நிலையத்துக்கு முன்னால் இறக்கிவிடுகிறேன், கடைகள் திறக்கும்வரை அந்த வெள்ளைக் கட்டடத்தை நிதானமாகப் பாருங்கள். 1917-இல் முடிந்த கட்டடம், கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்துக்குப் படம் வரைந்த அதே ஹப்பாக்தான் இதற்கும். எதிரே பூங்காவில் ஒரு ஈப்போ மரம் நிற்கிறதே, ஞாபகம் இருக்கிறதா? ஊருக்குப் பெயர் கொடுத்த மரம். உனக்கு ஆறு வயதிருக்கும், அதுவும் ரப்பர் மாதிரிப் பால் மரம்தான் என்று சொன்னேன், உடனே "அப்பா, நீங்கள் இதை வெட்டுவீர்களா?" என்று கேட்டாய். வெட்ட மாட்டேன் கண்ணு, அந்தப் பால் விஷம், ஓராங் அஸ்லி என்கிற பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவி வேட்டையாடுவார்கள் என்றேன். வீடு வந்து சேரும்வரை நீ என் கையை விடவில்லை. உன் சிநேகிதிகளுக்கு அந்த மரத்தைக் காட்டு.

அப்புறம் பசியாறல். பழைய பட்டணத்துக் கோப்பிக்கடை எதிலும் உட்காரலாம், கூட்டம் இருக்கிற கடையாகப் பார்த்துக்கொள். வெள்ளைக் கோப்பி என்றால் பால் அதிகம் ஊற்றியது என்று உன் கோயம்புத்தூர் சிநேகிதி நினைத்துக்கொள்வாள், அவளுக்கு விளக்கிச் சொல். வழக்கமான கறுப்புக் கோப்பிக் கொட்டையை வறுக்கும்போது சீனி சேர்ப்பார்கள், அதுதான் கருகிக் கறுப்பு நிறம் கொடுக்கும். ஈப்போவில் சீனி இல்லாமல் செம்பனை மார்ஜரின் மட்டும் போட்டு வறுப்பார்கள், கொட்டை வெளிறிய நிறத்திலேயே நிற்கும், கசப்பும் குறைவு. டின் பால் கலந்து, மேலே நுரை நிற்கக் கொண்டுவந்து வைப்பான். கோப்பி ஆற்றுகிறவன் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நீளமான துணிப்பை கோப்பிக் கறையேறிப் பழுப்பாகத் தொங்கும், கொதிதண்ணீரை ஒரு கேத்தலிலிருந்து இன்னொன்றுக்கு அதன் வழியாக ஊற்றுவான், ஊற்றும்போது கையைத் தலைக்கு மேலே தூக்குவான், ஒரு சொட்டு வெளியே சிந்தாது.

அவள் சைவம் என்றாயே, அதில் கவனமாக இரு. சீனர் கடையில் வெஜிடேரியன் என்ற ஒரு சொல் போதாது. கோழி, இறால், மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஈப்போவின் பெயர்பெற்ற ஹோர் ஃபன் என்கிற அரிசி நூடுல்ஸ் கோழியும் இறாலும் போட்ட சாற்றில் வருவது, அது அவளுக்கு ஆகாது. தவுகே கோழிக் கடையில் தவுகே, அதாவது முளைப்பயறு, மட்டும் தனித் தட்டில் கிடைக்கும், ஆனால் மேலே என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளட்டும். தவ் ஃபூ ஃபா அவள் தாராளமாகச் சாப்பிடலாம், சோயாப் பாலில் செய்கிற அந்த வழுவழுப்பு வேறு ஊரில் கிடைக்காது என்பேன். மதியம் லஹாட் சாலைப் பக்கம் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, அங்கே அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை. நீயும் இன்னொருத்தியும் யாங் கல்சோம் சாலையில் நாசி கஞ்சா என்கிற கறிச்சோறு சாப்பிடப் போவதென்றால் பதினொரு மணிக்கு முன்னால் போங்கள், வரிசை தெருவரைக்கும் வந்துவிடும். (பெயரைக் கேட்டு அவள் பயப்படப் போகிறாள். சாப்பிட்டவன் மறுபடி மறுபடி வந்து நிற்பதால் வந்த பெயர், வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிடு.)

தவுகே கோழியை இரவுக்கு வைத்துக்கொள், கிந்தா ஆற்றைத் தாண்டி, புதுப் பட்டணத்தில் யாவ் தெட் ஷின் சாலையில். சிங்கப்பூர் தவுகே மாதிரி நீளமாக, நாராக இருக்காது. குட்டையாக, கொழுகொழுவென்று, கடித்தால் நறுக்கென்று உடையும். சுண்ணாம்பு மலைத் தண்ணீர்தான் காரணம் என்று ஈப்போக்காரர்கள் சொல்வார்கள்.

இப்போது நீ மூன்று நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிற அந்தச் சந்துகளுக்கு வருகிறேன். லோரோங் பங்லிமாவை, வைப்பாட்டிச் சந்து என்பார்களே அதை, சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் போட்டிருக்கிறாய். அந்த நேரத்தில் அங்கே மனிதத் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். பசியாறிய கையோடு, கடைகள் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒருமுறை நடந்துவிடுங்கள். ஆள் இல்லாத சந்தில்தான் அந்த வீடுகளின் மேல்மாடி ஜன்னல், உளுத்த மரப்பலகை, சுவரில் வேர்விட்ட செடி எல்லாம் கண்ணில் படும். ஈயச் சுரங்கப் பணக்காரர்கள் வைப்பாட்டிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த இடம் என்று சொல்வார்கள், இன்றைக்கு ஐஸ்கிரீமும் பொம்மையும் விற்கிறார்கள். மழை விட்ட பிறகு மாலையில் மறுபடி வந்து கொங் ஹெங் பக்கம் உட்காருங்கள். முன்பு நாடகக்காரர்கள் தங்கின கட்டடம் அது, இடித்துப் புதிதாகக் கட்டாமல், பழைய சுவரையும் மரத்தையும் அப்படியே விட்டு உணவகமும் கைவினைக் கடையும் வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் ஒரு பழைய தெருவைப் பிழைக்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சுவர் ஓவியங்களைத் தேடி அலைய வேண்டாம், நடக்கும்போது தானாகக் கண்ணில் படும். லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் சகாரேவிச் 2014-இல் வரைந்தவை, வெயிலிலும் மழையிலும் கொஞ்சம் மங்கிவிட்டன. பிளாஸ்டிக் பையில் கட்டின கோப்பி வரிசையாகத் தொங்குகிற படம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் எனக்காக ஒரு போட்டோ எடு. அப்படிக் கட்டின கோப்பியைக் காடிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டுதான் உன்னைப் படிக்க வைத்தேன்.

ரூம் விஷயம். பழைய கடைவீட்டில் தங்க ஆசைப்படுகிறாய், சரி, தங்கு. ஆனால் அந்தக் கட்டடங்கள் குறுகலாக நீளமாக ஓடும், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், அதனால் நடு அறைகளுக்கு ஜன்னல் இருக்காது. போன வருஷம் உன் சித்தப்பா பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஓரிடத்தில் காசு கட்டிவிட்டு, காற்று நுழையாத அறையில் இரண்டு இரவு கிடந்து வந்தார்கள். காசு கட்டுவதற்கு முன்னால் தெருப்பக்க ஜன்னல் உண்டா என்று எழுதிக் கேள்.

ஞாயிறு காலையை மலைக்குக் கொடு. பட்டியலில் நாலு குகைக்கோயில் இருக்கிறது, ஒன்று போதும், கெக் லோக் தோங். குனோங் ராப்பாட்டில் இருக்கிறது, காலையிலேயே திறந்துவிடும், கட்டணம் இல்லை. உள்ளே நுழைந்ததும் வெளி வெயில் மறந்துபோகும். தரை சில்லென்று காலில் ஏறும், மேலேயிருந்து கல் விழுதுவிழுதாகத் தொங்கும், எங்கோ ஒரு சொட்டு விழுகிற சத்தம் கேட்கும். புத்தர் சிலைகளைக் கடந்து மறுவாசலுக்கு வந்தால் திடீரென்று ஒரு தோட்டம், குளம், சுற்றிலும் செங்குத்தாகச் சுண்ணாம்பு மலைகள். வயதான சீனர்கள் மெல்ல நடந்துகொண்டிருப்பார்கள். நீங்களும் அந்தப் பாதையில் ஒரு சுற்று நடங்கள், அவசரப்படாதீர்கள். கிந்தா பள்ளத்தாக்கை 2018-இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவித்தது இந்த மலைகளுக்காகத்தான். திரும்பும் வழியில் சில மலைகள் பாதி வெட்டப்பட்டு வெள்ளையாக நிற்பதையும் பார்ப்பீர்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

அங்கிருந்து கல்லுமலைக்குப் போங்கள். இது உன் பட்டியலில் இல்லவே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். ஊருக்கு நடுவிலேயே மலையடிவாரத்தில் முருகன் உட்கார்ந்திருக்கிறான், சாப்பாடும் சந்துகளும் மட்டுமே ஈப்போ என்றால் நம் ஆட்கள் அங்கே எதற்கு இருந்தார்கள்? தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடி அங்கேதான் வந்து சேரும். ஏழு வயதில் நீ பால்குடம் எடுத்தாய். அம்மா உனக்காக மஞ்சள் புடவையைப் பாதியாக வெட்டித் தைத்திருந்தாள், தார் ரோடு கால் சுடுகிறது என்று அழுதாலும் குடத்தைக் கீழே வைக்க மாட்டேன் என்று நின்றாய். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அவ்வளவாக இருக்காது. ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

அப்படியே புந்தோங். கச்சாங் பூத்தே அங்கே பரம்பரையாக நம் குடும்பங்கள் செய்வது, கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் எடை போட்டுக் கொடுப்பார்கள். எண்ணெய் வாசம் தெருவிலேயே வரும். ஆபீசுக்கு வாங்கிப்போக இதைவிட நல்ல பொருள் இல்லை. மதியம் ரூமுக்குப் போய்த் தூங்குங்கள். மாலையில் தெம்பிருந்தால் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா, வழக்கறிஞர், ஈப்போவுக்காக நாடாளுமன்றத்தில் பேசிய நம் மனிதர், அவர் பெயரில் இருக்கிற பூங்காவில் பெரிய மரங்களுக்குக் கீழே நடக்கலாம்.

ஊருக்கு வெளியே ஒன்றாவது வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தால், தூக்கத்தை விட்டுவிட்டு அந்த மதியம் கெல்லி மாளிகை, பத்து காஜா பக்கம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டத்துரை மெட்ராஸிலிருந்து ஆள் கொண்டுவந்து கட்ட ஆரம்பித்தது. நடுவில் ஸ்பானிஷ் காய்ச்சலில் வேலையாட்கள் பலர் செத்துப்போனார்கள், துரையும் 1926-இல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. எல்லாரும் அந்த மாளிகையில் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கும் போங்கள். காய்ச்சலுக்குப் பயந்து நம் ஆட்கள் கேட்டு, துரை கட்டிக்கொடுத்த கோயில் என்பார்கள். அங்கே சாமி சிலைகளோடு வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு உருவம் நிற்கும். உன் கொள்ளுத்தாத்தா மாதிரி கப்பலில் வந்தவர்கள் கட்டின சுவர்கள் அவை, தொட்டுப் பார்.

திங்கட்கிழமை "ஒரு மணி நேரம்" என்பதை அழித்துவிட்டு, காலை முழுக்க எங்களுக்குக் கொடு. எட்டு மணிக்கு நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன், செம்மோர் வழியாகப் பழைய ரோட்டில் வருவோம், மலைகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். உன் சிநேகிதி பால் மரம் பார்த்ததே இல்லை என்று சொன்னாய். இங்கே இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான், ஆனால் நம் பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொஞ்சம் கித்தா (ரப்பர்) மரம் இன்னும் நிற்கிறது. என் கத்தி பத்திரமாக இருக்கிறது, ஒரு மரத்தில் கோடு இழுத்துக் காட்டுகிறேன், பால் மங்குக் கோப்பையில் இறங்குவதை அவள் பார்க்கட்டும். நேரம் இருந்தால் கோலகங்சாருக்கும் ஓடிவிட்டு வரலாம், 1877-இல் நட்ட கித்தா மரம் ஒன்று அங்கே இருக்கிறது. அம்மா இப்போதே பலாக்கொட்டையை எடுத்து வைத்துவிட்டாள், முருங்கைக்கீரையோடு அவள் செய்வது சைவம்தான், கவலை வேண்டாம்.

பஸ் ஏறியதும் ஒரு செய்தி போடு. தஞ்சோங் மாலிம் தாண்டும்போது இன்னொன்று போடு, அந்த நேரத்தில் நான் விழித்துத்தான் இருப்பேன். அமான் ஜெயாவில் டாக்சி நிற்கிற பக்கம் காத்திருப்பேன். மழைக்கோட்டு மூன்று எடுத்து வருகிறேன், நீங்கள் வாங்க வேண்டாம். அம்மாவின் முழங்காலுக்கு நீ போன தடவை கொண்டுவந்த அந்தத் தைலம் தீர்ந்துவிட்டது, ஒரு போத்தல் மட்டும் வாங்கி வா.

அன்புடன்,
அப்பா