பின் வரிசைக்கும் சொல் விளங்க வேண்டும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நம் கூட்டரங்கில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், பின்புறம் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து, மேடையில் பேசுவது எதுவும் விளங்கவில்லை என்று சொன்னீர்கள். ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டச் சொன்னேன். சத்தம் பெருகியது, சொற்கள் முன்னைவிடவும் குழம்பின. அன்று நீங்கள் ஒன்றரை மணி நேரம் பட்ட சிரமத்தை நம் பிள்ளைகள் நாள்தோறும் வகுப்பறையில் பட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. வரும் விடுமுறையில் செய்யவிருக்கும் மாற்றங்களையும் அவற்றின் காரணங்களையும் உங்களுக்குத் தெரிவிக்கவே இக்கடிதம்.

அந்த வாரமே மூன்றாம் வகுப்பின் சொல்வதெழுதல் ஏடுகளை வாங்கி, பிள்ளைகள் அமரும் வரிசைப்படி அடுக்கிப் பார்த்தேன். முன் இரண்டு வரிசைகளில் இருந்தவை பெரும்பாலும் குறில் நெடில் பிழைகள். கடைசி இரண்டு வரிசைகளில் பிழைகளின் தன்மையே வேறாக இருந்தது: ‘பத்து’ என்று ஆசிரியர் சொன்னது ‘பட்டு’ என்றும், ‘கட்டி’ என்று சொன்னது ‘கத்தி’ என்றும் எழுதப்பட்டிருந்தன. அடுத்த வாரம் முன்னிருந்தவர்களைப் பின்னும் பின்னிருந்தவர்களை முன்னும் அமர்த்தி, அதே ஆசிரியரை வேறு சொற்கள் சொல்லச் சொன்னோம். அந்த வகைப் பிழைகள் கடைசி பெஞ்சுகளிலேயே தங்கிவிட்டன. புதிதாக அங்கே வந்து அமர்ந்த பிள்ளைகள் அவற்றைச் செய்தார்கள். முன்பு அங்கே அமர்ந்திருந்தவர்களில் சிலரின் முன்னேற்ற அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்ற குறிப்பின் கீழ் கையொப்பமிட்டது நானே. அந்தப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன், அக்குறிப்புகள் திருத்தப்படும்.

பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி உயிரொலிகளில் இருக்கிறது. ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையைப் பெரும்பாலும் மெய்யொலிகள் செய்கின்றன. மெய்யொலிகளோ மெலிந்தவை, நொடியில் மறைபவை. ‘பத்து’, ‘பட்டு’ ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, நாக்கு பல்லைத் தொடுகிறதா மேலண்ணத்தைத் தொடுகிறதா என்பது மட்டுமே. சுவர், தரை, கூரை எல்லாம் வழவழப்பாகவும் கடினமாகவும் உள்ள அறையில், முதலில் வந்த அகரத்தின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த மெய்யொலி வந்து அதனுள் மூழ்கிவிடுகிறது. ஆசிரியரிடமிருந்து தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அவரிடமிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறைகிறது. சுவரிலும் கூரையிலும் பட்டுப் பட்டுத் திரும்பும் எதிர்முழக்கமோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. ஆகவே பின்னே போகப் போக நேரடிக் குரல் தோற்று, முழக்கமே மிஞ்சுகிறது. குரலை உயர்த்தினால் இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன. கூட்டரங்கில் ஒலிபெருக்கி நமக்கு உதவாமல் போனதும் இதனால்தான்.

பெரியவர்கள் கடைசி பெஞ்சில் அமர்ந்து கேட்டுப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தானே கேட்கிறது என்று சொல்லக்கூடும். தெரிந்த மொழியில் விடுபட்ட ஒலிகளை நம் மனம் இட்டு நிரப்பிக்கொள்கிறது. புதிய சொல்லை முதன்முறையாகக் கேட்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் இட்டு நிரப்புவதற்கு எதுவும் இல்லை. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறியும் திறனும் பதின்ம வயதில்தான் முதிர்ச்சி அடைகிறது. காது கேட்கும் கருவி அணிந்த பிள்ளைக்கு நிலைமை இன்னும் கடினம். கருவி குரலோடு முழக்கத்தையும் சேர்த்தே பெருக்குகிறது.

இதை அளக்கும் வழியை நமக்குத் தந்தவர் வாலஸ் செபைன் என்ற இயற்பியல் ஆசிரியர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை அரங்கில் பேச்சு விளங்காமல் போகவே, அதைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாயின் ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். வெற்று அரங்கில் அது ஏறத்தாழ ஐந்தரை விநாடி; மெத்தைகள் கூடக் கூட நேரம் குறைந்தது. அவர் கண்ட விதி இன்றும் பயன்படுகிறது: கன மீட்டரில் அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உட்கவர் பரப்பால் (ஒவ்வொரு பரப்பின் சதுர மீட்டரையும் அது உட்கவரும் ஒலியின் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால் எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி 60 டெசிபல் குறைவதற்கு ஆகும் நேரம், விநாடியில் கிடைக்கும்.

நம் வகுப்பறை 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம் கொண்டது. வண்ணம் பூசிய சுவர் தன்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கையே உட்கவர்கிறது. நாற்பது பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்த உட்கவர் பரப்பு சுமார் 23 சதுர மீட்டர்தான். எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 1.5 விநாடி ஆகிறது. வகுப்பறைக்கு 0.6 விநாடியும், பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேற்படாமையும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியிருக்கிறது. கூரையிலும் பின் சுவரிலுமாக 40 சதுர மீட்டருக்கு, துணி போர்த்திய 50 மில்லிமீட்டர் கண்ணாடியிழைப் பலகைகளைப் பொருத்தினால் நாம் 0.65 விநாடிக்கு வந்துவிடலாம். கூரையின் நடுப்பகுதியை வேண்டுமென்றே வெறுமையாக விடுகிறோம். அங்கே பட்டுத் திரும்பும் ஒலி மிக விரைவில் வந்துசேர்ந்து, நேரடிக் குரலுடன் ஒன்றி, பின் வரிசைக்கு வலுவூட்டுகிறது.

இவ்வளவு செலவும் முயற்சியும் பிள்ளைகளின் படிப்பில் மாற்றம் தருமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியூயார்க்கில் உயர்த்தப்பட்ட ரயில்பாதைக்கு அருகிலிருந்த ஒரு பள்ளியை ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1975இல் முடிவுகளை வெளியிட்டார். பாதையை ஒட்டிய அறைகளில் படித்த பிள்ளைகள், அதே பள்ளியின் அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள்; ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஓராண்டு அளவுக்கு இருந்தது. தண்டவாளத்தின் அடியில் ரப்பர் திண்டுகள் வைத்து, வகுப்பறைகளில் ஒலி உட்கவரும் தகடுகள் பொருத்திய பிறகு 1981இல் வெளியான அவருடைய அடுத்த ஆய்வில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. எனக்கு இதற்கு மேல் சான்று வேண்டியிருக்கவில்லை.

முட்டை அட்டைகளையும் பழைய மெத்தை நுரையையும் இலவசமாகத் தருவதாகச் சில பெற்றோர் அன்போடு முன்வந்தீர்கள். நன்றியுடன் மறுக்க வேண்டியிருக்கிறது. முட்டை அட்டை மெல்லியது. பேச்சின் பெரும்பகுதியை அது உட்கவர்வதே இல்லை. சாதாரண நுரையோ நொடிகளில் தீப்பற்றிக்கொள்வது. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இசை அரங்கின் சுவரில் ஒட்டியிருந்த நுரை தீப்பிடித்ததில் 100 பேர் இறந்தார்கள். பிள்ளைகள் அமரும் அறையில் தீத்தடுப்புச் சான்றில்லாத எந்தப் பொருளையும் நான் அனுமதிக்க மாட்டேன்.

கூட்டரங்கில் மேடையிலிருந்து பின் சுவர் 20 மீட்டர் தொலைவில் உள்ளது. ஒலி அங்கே சென்று திரும்ப 0.12 விநாடி ஆகிறது. அதற்குள் பேசுபவர் அடுத்த எழுத்துக்குப் போய்விடுவார். பின் சுவர் முழுவதும் பலகைகளால் மூடப்படும். மேடையோரத்துப் பெரிய ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாகச் சிறிய ஒலிபெருக்கிகள் பக்கச் சுவர்களில் இடைவெளி விட்டு, கேட்பவர்களை நோக்கிச் சாய்த்து வைக்கப்படும். ஒலி 10 மீட்டர் கடக்க 0.03 விநாடி ஆவதால், பின்னுள்ள ஒலிபெருக்கிகள், மேடைக் குரலுடன் ஒன்றி ஒலிப்பதற்காக, தத்தம் தொலைவுக்கேற்ப அந்தக் கணக்கில் தாமதித்து ஒலிக்கும்படி அமைக்கப்படும்.

பலகைகள் அறைக்குள் எழும் முழக்கத்தைத்தான் குறைக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுக்காது. அதற்காகக் கதவுகளின் இடுக்குகளை ரப்பர் பட்டைகளால் அடைக்கிறோம், கடகடக்கும் மின்விசிறிகளைப் பழுதுபார்க்கிறோம், நாற்காலிக் கால்களுக்குக் கம்பளி உறைகள் மாட்டுகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் தேங்கி, சிறு பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் கேட்கும் திறன் மங்குவது உண்டு. வலி இல்லாததால் பிள்ளையும் சொல்லாது, நமக்கும் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவது, ‘என்ன?’ என்று அடிக்கடி கேட்பது போன்றவற்றை நீங்கள் கவனித்திருந்தால் காது மருத்துவரிடம் காட்டி, இணைப்புப் படிவத்தில் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். அப்பிள்ளைகளின் இருக்கையை வேலை முடியும் வரை காத்திராமல் மறுநாளே முன் வரிசைக்கு மாற்றிவிடுவோம்.

பள்ளி மீண்டும் திறந்த முதல் வாரத்தில் மூன்றாம் வகுப்பில் அதே முறையில் சொல்வதெழுதல் வைத்து, ஏடுகளை மறுபடியும் வரிசைப்படி அடுக்கிப் பார்ப்போம். முடிவு எப்படி இருந்தாலும் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்கள் முன் வைப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்