நாய் உரிமத்துக்கு இனப் பெயரைப் பார்க்காமல் எடையையும் வளர்ப்பு முறையையும் பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் பகுதிகளில் தொழில் செய்யும் தமிழ் பேசும் நாய்ப் பயிற்சியாளர்கள், கால்நடை மருத்துவமனை உதவியாளர்கள்,
பெங்களூரு.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புப் பிரிவு, மாநகராட்சி,
பெங்களூரு.

பொருள்: வளர்ப்பு நாய் உரிமத்துக்கான நிபந்தனைகள் தொடர்பாக. (கன்னடப் படி இணைக்கப்பட்டுள்ளது.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிட்புல், ராட்வைலர் என்று பேரைக் கேட்டாலே லிப்டிலிருந்து இறங்கிவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். 50 கிலோ நாய் கடித்தால் காயம் தோலோடு நிற்காது, தசை வரை கிழியும். குழந்தை என்றால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கட்டுப்பாடு வேண்டும் என்று நாங்களே கேட்கிறோம். அந்தக் கட்டுப்பாடு இனப் பட்டியலாக வந்தால் கடி குறையாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை, 23 வகை நாய்களுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யவும் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்பது ஒரு முக்கியக் காரணம். பட்டியலில் 'டெரியர்கள்' என்று பொதுவாக ஒரு வரி இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டால், மடியில் தூங்கும் 3 கிலோ யார்க்‌ஷயர் டெரியரும் அதில் சேரும். ஜெர்மன் ஷெப்பர்டும் டாபர்மேனும் பட்டியலில் இல்லை.

ஒரு காலத்தில் ஜனங்கள் நடுங்கியது அந்த இரண்டையும் பார்த்துத்தான். ஓநாய் ரத்தம் கலந்தது, ஆட்டு மந்தையை அழித்துவிடும் என்று பயந்து ஆஸ்திரேலியா 1929இல் ஜெர்மன் ஷெப்பர்ட் இறக்குமதியைத் தடை செய்தது, 1970களில்தான் தளர்த்தியது. இன்று அதே நாய் உலகம் முழுக்கப் போலீஸில் வேலை செய்கிறது. பிரிட்டன் 1991 சட்டத்தில் நான்கு வகைகளைத் தடை செய்தது. 2023 கடைசியில் 'எக்ஸ்எல் புல்லி' என்று ஐந்தாவதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு பேரைத் தடுத்தால், பெரிய முரட்டு நாய் வேண்டும் என்கிறவர் அடுத்த பேருக்குப் போகிறார்.

நடைமுறையிலும் இனத் தடை உரிம கவுண்டரிலேயே நின்றுபோகும். பிட்புல்லை சர்வதேச நாய்க் கூட்டமைப்பான எஃப்சிஐ ஓர் இனமாகவே ஏற்கவில்லை. இங்கே விற்பவற்றில் காகிதம் இல்லாத கலப்புகள் ஏராளம். அகன்ற தலை, குட்டை முடி இருந்தால் பிட்புல் என்கிறார்கள். தடை வந்தால் அதே நாயின் படிவத்தில் 'லேப்ரடார் கிராஸ்' என்று எழுதுவார்கள். கண்ணால் பார்த்து யாராலும் மறுக்க முடியாது. எடையை மட்டும் தராசு சொல்லிவிடும்.

கடி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதற்குத்தான் பின்னால் பயப்படாது. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிப்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. அதை மீறி ஐந்து வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். அப்படி வந்த குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையே கற்றிருக்காது. பிறகு ஒரு மீட்டர் சங்கிலியில் கேட் பக்கம் கட்டிவிடுகிறார்கள். விலகிப் போக வழியில்லாத நாய்க்குத் தாக்குவது ஒன்றுதான் மிச்சம். உறுமினால் அடிக்கிறார்கள். உடல் விறைப்பது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிவது, உறுமுவது, இவையெல்லாம் கடிக்கு முந்தைய எச்சரிக்கைகள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

எனவே 25 கிலோவுக்கு மேற்பட்ட எல்லா நாய்களுக்கும், எந்த இனமானாலும், மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும், அடையாள எண் கொண்ட சிறு சிப்), ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி, பொது இடத்தில் ஒன்றரை மீட்டர் நிலையான கயிறு ஆகியவற்றைக் கட்டாயமாக்கக் கோருகிறோம். நீண்டு சுருங்கும் கயிற்றைத் தடை செய்யுங்கள். அதன் பிரேக்கை நம்பி 50 கிலோ இழுப்பை நிறுத்த முடியாது. கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அகலமான நாய், பின்னோக்கி இழுத்தால் சாதாரணப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். அதற்கு இழுத்தால் ஓரளவு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வேண்டும்.

வாய்மூடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் துணிக் குழாய் வகை வாயை இறுக மூடிவிடும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைக் குறைக்கிறது. ஏப்ரல் வெயிலில் அந்த வகையோடு நடந்தால் சூடேறி மயங்கும். கூடை வகையைத்தான் விதியில் குறிப்பிட வேண்டும். உள்ளே வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். மூக்கு நுனி கம்பியில் உரசக் கூடாது. அதையும் எல்லா நாய்க்கும் கட்டாயமாக்க வேண்டாம். ஒருமுறை கடித்த நாய்க்கும், மருத்துவர் அல்லது பயிற்சியாளர் பரிந்துரைத்த நாய்க்கும் போதும். கூடைக்குள் தயிர் தடவி, முதலில் சில நொடி, பிறகு சில நிமிடம் என்று இரண்டு வாரம் பழக்கினால் நாயே மூக்கை நீட்டும்.

கடித்த சம்பவம் ஒவ்வொன்றும் சிப் எண்ணோடு பதிவாக வேண்டும். அலட்சியமான உரிமையாளர் மீது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க ஏற்கெனவே இடமுண்டு. பதிவு இருந்தால்தான் அது பயன்படும்.

உரிம அட்டையின் பின்பக்கம் கடி முதலுதவியைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிடக் கேட்கிறோம்: ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சள், சுண்ணாம்பு தடவக் கூடாது, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும், ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) கேட்க வேண்டும். ரேபிஸுக்கு இனம் கிடையாது.

வாய்மூடி, பட்டை அளவு பார்ப்பதை உரிமப் பிரிவு ஊழியர்களுக்கு நேரில் வந்து, நாய்களை வைத்தே கட்டணமின்றிச் செய்துகாட்ட ஆயத்தமாக இருக்கிறோம். நாளும் நேரமும் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மேற்குறிப்பிட்ட பகுதிகளின் பயிற்சியாளர்கள், உதவியாளர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)
இடம்: பெங்களூரு