டயர் கிளியும் சிமென்ட் மானும்

ஆசிரியருக்கு,

எங்கள் காலனியில் வாசல் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் பொருட்காட்சிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். பழைய டயரை அறுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, சிவப்பு மூக்கு வைத்துக் கிளியாகத் தொங்கவிட்டிருக்கிறார் ஒருவர். அடுத்த வீட்டில் சிமென்ட் மான். ஒரு கொம்பு உடைந்து உள்ளிருக்கும் கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே நாக்கைத் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மை வேறு. 'இதெல்லாம் ஒரு ரசனையா?' என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். லண்டன் செல்சி மலர்க் காட்சியிலேயே குள்ளர் பொம்மைகளுக்கு இருந்த தடையை நூற்றாண்டையொட்டி 2013-ல் தளர்த்தினார்கள். நம் டயர் கிளி என்ன பாவம் செய்தது?

என் கவலை வேறு. மழை பெய்தால் டயர் வளைவில் தேங்கும் நல்ல தண்ணீர், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தொட்டியையும் டிரம்மையும் திறந்து பார்க்கிறார்கள். கிளியின் வயிற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அடியில் டிரில்லிங் மெஷினால் நாலைந்து ஓட்டை போட்டால் நீர் வடிந்துவிடும். அபராத நோட்டீசோடு வருவதற்கு முன், இதைச் சொல்லிக்கொடுக்க மாநகராட்சி ஆள் அனுப்பலாமே.

– ஒரு வாசகி, தாம்பரம்