மெட்ராஸ் தந்த அளவுகோல்

மதுரை

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இங்கே என் மூட்டுவலி தவிர எல்லோரும் சௌக்கியம். கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டியாயிற்று; பேரனைப் பள்ளிக்கூட வாசலில் விட்டு வருவதுதான் இப்போது என் ஆஜர்.

நகராட்சியை முகநூலில் நீ வாங்கு வாங்கென்று வாங்குவதைப் பார்த்து மகள் பயப்படுகிறாள் என்கிறாய். அதோடு விட்டாயா, "கோர்ட்டுக்குப் போனாலும் ஜட்ஜ் மனசுக்குப் பட்டதுதானே தீர்ப்பு" என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். அப்படியில்லையடா. பேச்சுக்கு எப்போது தடை போடலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் மெட்ராஸ் வழக்குகளில் உருவானது.

1950-ல் பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்' என்றொரு இடதுசாரி வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அது சென்னை மாநிலத்துக்குள் வரவே கூடாது என்று மார்ச் 1-ல் அரசு உத்தரவு போட்டது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது முழுதாக ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே 26-ல் தீர்ப்பு. எழுதியவர் நம் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. பத்திரிகை எழுதியது சரியா தவறா என்ற பஞ்சாயத்துக்கே அவர் போகவில்லை. சட்டம் எவ்வளவு தூரம் கை நீட்டுகிறது என்று மட்டும் பார்த்தார். அவதூறு, ஆபாசம் போன்றவை தவிர, பேச்சைத் தடுக்க வேண்டுமானால் அரசின் பாதுகாப்புக்கே ஆபத்து வர வேண்டும் என்பது, பேச்சுரிமைக்கு வரம்பு சொல்லும் அரசமைப்பின் 19(2) பிரிவின் அன்றைய நிலை. மாநிலச் சட்டமோ பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று அகலமாகப் போயிற்று. தெருச்சண்டையைக்கூட அதில் அடக்கிவிடலாம். தப்பான இடத்தில் பாய வழியிருக்கும்வரை அந்தப் பிரிவு முழுக்கவே செல்லாது என்றார்கள். அன்றைக்கே, டெல்லியில் 'ஆர்கனைசர்' பத்திரிகை மீது போட்ட முன்தணிக்கை உத்தரவும் ரத்தானது. ஒன்று இடது, ஒன்று வலது. இரண்டிலும் மாறுபட்டவர் நீதிபதி ஃபசல் அலி ஒருவர்தான்.

மத்திய அரசு சும்மா இருக்குமா? 1951-ல் முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுதல், அயல்நாட்டு நட்புறவு என்று தடைக்கான காரணங்கள் கூடின. ஆனால் கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் பேச்சுரிமைக்கு வந்து சேர்ந்தது. கதவைச் சாத்த வந்தவர்கள் சாவியை நீதிபதியிடம் கொடுத்துவிட்டுப் போன மாதிரி!

எது நியாயம்? அடுத்த வருஷமே வி.ஜி. ராவ் வழக்கு. அதுவும் மெட்ராஸ், தீர்ப்பும் அதே சாஸ்திரி. அப்போது தலைமை நீதிபதி ஆகியிருந்தார். சங்கம் வைக்கும் உரிமை பற்றிய வழக்கு அது என்றாலும், பேச்சுரிமைக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். பறிபோகிற உரிமை என்ன, கட்டுப்பாடு எதற்காக, தடுக்கப் பார்க்கும் கேடு எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரம், போட்ட தடை கேட்டைவிடப் பெரிதாகிவிட்டதா, நாட்டு நிலவரம் என்ன — இத்தனையும் பார்க்கச் சொன்னார். உன் சந்தேகத்தையும் அவர் மறுக்கவில்லை. இதையெல்லாம் எடைபோடும்போது நீதிபதியின் சொந்த மதிப்பீடுகள் உள்ளே வராமல் போகாது என்று ஒளிக்காமல் எழுதினார். அரசமைப்பு தன்னைப் போல நினைப்பவர்களுக்கு மட்டுமானதல்ல, எல்லோருக்குமானது என்ற நினைப்புதான் கடிவாளம் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பத்தியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், சலித்ததில்லை.

'ஒரே ஒரு கிராமத்திலே' படம் நினைவிருக்கிறதா? சாதிவாரி இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசிய படம். அதன் வாதம் எனக்கு அன்றும் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. தணிக்கைச் சான்றிதழை உயர் நீதிமன்ற அமர்வு ரத்து செய்தது. ஓடவிட்டால் கலவரம் வரும் என்றது மாநில அரசு. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறிபோல ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், எங்கோ எப்போதோ வரலாம் என்பது போதாது. மிரட்டுகிறவனை அடக்குவது அரசின் வேலை, அதற்காகப் பேசுகிறவன் வாயை மூடக்கூடாது என்றது. எனக்குப் பிடிக்காத படத்துக்குக் கிடைத்த சரியான தீர்ப்பு.

சட்டம் எழுதப்பட்ட விதமும் ஒரு கேள்வி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவில் 'எரிச்சலூட்டுவது', 'அசௌகரியம்' எல்லாம் மூன்று வருஷம் வரை சிறை தரும் குற்றங்களாக இருந்தன. உன் பதிவுகளுக்கு ஆயுள் தண்டனையே கிடைத்திருக்கும்! விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, தூண்டுவது மூன்றும் வேறு. தூண்டுதல் என்ற கட்டத்தை எட்டினால்தான் சட்டம் கை வைக்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி நாரிமன் அந்தப் பிரிவையே ரத்து செய்தார்.

என் குறை இதற்கு அப்புறம்தான். செத்த பிரிவில் காவல் நிலையங்கள் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தன. 2021-ல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்து, 2022-ல் மறுபடி உத்தரவு போட வேண்டியதாயிற்று. காஷ்மீர் இணையத் தடை வழக்கிலும் அப்படித்தான்: 2020 ஜனவரியில் அருமையான விதிகளைச் சொன்னார்கள், இணையத்தைத் திறந்துவிடச் சொல்லவில்லை. அளவுகோல் டெல்லியில் இருக்கிறது, எப்.ஐ.ஆர். போடும் எழுத்தர் இங்கே இருக்கிறார். ஜெயிக்கிறவனும் வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்துதான் ஜெயிக்கிறான்.

அதனால் 2025 மார்ச்சில் வந்த இம்ரான் பிரதாப்கடி தீர்ப்பை மகளிடம் காட்டு. ஒரு கவிதைக்காக அந்த எம்.பி. மீது குஜராத் ஜாம்நகரில் போட்ட எப்.ஐ.ஆரை உச்ச நீதிமன்றத்தில் ரத்து செய்தார்கள். மூன்று முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள பேச்சு, எழுத்துப் புகார் என்றால், வழக்குப் பதியும் முன்பே பூர்வாங்க விசாரணை நடத்துவதுதான் முறை என்றும் சொன்னார்கள். எழுத்தை, எதற்கெடுத்தாலும் புண்படுகிறவன் கண்ணால் பார்க்காமல், திடமான மனசுள்ளவன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

குடிநீர்க் குழாயைப் பற்றி எழுது, தேதியும் போட்டோவும் சேர்த்து எழுது. கான்ட்ராக்டரைத் 'திருடன்' என்று மட்டும் எழுதாதே. கையில் ஆதாரம் இல்லாவிட்டால் அவதூறு வழக்கு வரும், அதற்கு இந்தத் தீர்ப்புகள் ஒன்றும் உதவாது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் தனியாகப் போகாமல் எனக்கு ஒரு போன் போடு. என் ஜூனியர் அந்தப் பக்கம்தான் இருக்கிறான், வந்து நிற்பான்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்லு. ஆவணிக் கல்யாணத்துக்கு இருவரும் கட்டாயம் வர வேண்டும்.

உன்,
மாணிக்கம்